ரிக்காரர் வீட்டு மூங்கில் கழி

எங்கள் தெருவில் துணி காயப்போடத் தெரிந்த ஆம்பளை ஒருத்தன்தான். பக்கத்து வீட்டு முருகானந்தம். மற்றவர்கள் கொடியில் துணியைக் கண்டால் அதற்கடியில் குனிந்து போவார்கள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில், மழை வருகிறதே என்று ஒரு துண்டை எடுத்து உள்ளே போட்டதில்லை அந்த மனுஷன்.

முருகானந்தத்துக்கு அது ரிக் வண்டியில் வந்த பழக்கம். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. வீட்டுக்கு ஒருத்தர் லாரியில் இருப்பார், இல்லாவிட்டால் போர் போடுகிற ரிக் வண்டியில் இருப்பார். இவன் பதினெட்டு வயசில் ரிக்கில் ஏறி, துளை போடுகிற டிரில்லர் வரைக்கும் வந்தவன். மகாராஷ்டிரா, சத்தீஸ்கர், ஒரிசா என்று வருஷத்தில் எட்டு மாசம் வண்டியோடு கிடப்பான். துளை போடும்போது பாறை மாவும் தண்ணீரும் கலந்து உடம்பெல்லாம் சேறாக அடிக்கும். ஒரு செட் துணி உடம்பில், இன்னொரு செட் கயிற்றில். முதல் வருஷம் அரைகுறை ஈரத்தோடு எடுத்து மாட்டிக்கொண்டு, தொடை இடுக்கெல்லாம் புண்ணாகி, ஒரு மாசம் காலை அகட்டி அகட்டி நடந்தானாம். அதை அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். அதற்கப்புறம் கம்ப்ரசர் வண்டியின் ரேடியேட்டர் ஃபேனுக்கு முன்னால் கயிறு கட்டித் துணி காயவைக்கக் கற்றுக்கொண்டான்.

முப்பத்துநாலு வயசில்தான் அவனுக்குப் பெண் அமைந்தது. எங்கள் பக்கத்தில் ரிக்குக்குப் போகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். தனப்பிரியா மோகனூர்ப் பக்கம். அம்மா இல்லாத பெண், அப்பா மட்டும்தான். வந்த இடத்தில் அனுசரித்துப் போகிற குணம். அதிர்ந்து பேச மாட்டாள். சம்பளம் வாங்காமல் என் தையல் மிஷினில் உட்கார்ந்து காஜா எடுத்துக் கொடுப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

போன புரட்டாசியில் அவளுக்கு எட்டாம் மாசத்திலேயே வலி வந்துவிட்டது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. என் உள்ளங்கையும் முன்னங்கையும் சேர்ந்தால் போதும், அதற்குப் படுக்க இடம் மிஞ்சும். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, ஒரு கிலோ எண்ணூற்றைம்பது கிராமில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டரம்மா முருகானந்தத்தைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். ரெண்டரைக் கிலோ ஆகிற வரைக்கும் இவளுக்குக் குளிர் ஆகாது. ஈரத் துணி ஒரு நிமிஷம் கூட உடம்பில் கிடக்கக் கூடாது. வீட்டில் புகை போடக் கூடாது. தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கூடாது.

"சரிங்கம்மா, ரெண்டரக் கிலோ" என்று மட்டும் சொன்னானாம். அன்றைக்குப் பிடித்த பிடியை அவன் விடவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. சூரியனை நாங்கள் பார்த்தே எட்டு நாள் ஆயிற்று. கடை டயப்பர் அந்தக் குழந்தையின் இடுப்புக்கு நிற்கவில்லை, நின்ற இடத்தில் தோல் சிவந்தது. என் வீட்டுக்காரரின் பழைய வேட்டிகளைக் கிழித்து, ஓரம் தைத்து, முப்பது துணி நான்தான் கொடுத்தேன். ஒரு நாளைக்கு இருபத்தைந்து துணி நனையும். எங்கள் வழக்கப்படி முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கும், துணி அலசுவது பெண்ணின் அம்மா பாடு. இங்கே அம்மா இல்லை. முருகானந்தத்தின் அத்தை அத்தாயி மட்டும் பத்தியச் சமையல் செய்ய வந்திருந்தாள். அவளுக்கு மூட்டு வலி, குனிய முடியாது. அதனால் அவனே வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல் குழாயடிக்கு வந்தான்.

தெருவுக்கு அது போதாதா? குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தாயிக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

"ஏஞ்சாமி, ஆம்பளப் பையன் பீத்தொணி அலசறத ஊரே வேடிக்க பாக்குது. எனக்கு வெளிய தல காட்ட முடியல" என்றாள்.

"பாத்துட்டுப் போகட்டுங்க அத்தை. எனக்குத் தொணி காயோணும்" என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

அன்று மத்தியானம் என் வாசலில் வந்து நின்றான். "ஏனுங்க சாலாக்கா, அலசின தொணிய உங்கூட்டு மிசின்ல ஒரு சுத்து சுத்திக் குடுக்கறீங்களா? தண்ணி வடிஞ்சாப் போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

என் வீட்டில் வாஷிங் மிஷின் இருந்தது. டிரையரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டுத் துணியை எப்படி நம் மிஷினில் போடுவது என்று எனக்குள் ஒரு கோணல். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற வாய் இது. அந்த வாய் என்னைக் கேட்காமலே, "மிசின் ரிப்பேரா இருக்குது சாமி" என்று சொல்லிவிட்டது.

"சரிங்கக்கா" என்று போய்விட்டான். எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் திரும்பக் கூப்பிடவில்லை.

முதல் மூன்று நாள் அவன் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. நடை அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டித் துணியைப் போட்டான். காலையில் போட்டது சாயங்காலமும் சில்லென்று இருந்தது. நாலாம் நாள் அத்தாயி தன் வழியைச் சொன்னாள். கோழி கவிழ்க்கிற பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, உள்ளே சட்டியில் நெருப்புக் கங்கு வைத்து, மேலே துணியைப் பரப்புவது. எல்லா வீட்டிலும் மழைக்காலத்தில் அப்படித்தான் செய்வார்கள். புகை கூடாது என்று டாக்டரம்மா சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்தது. கங்குதானே, புகை எங்கே வருகிறது என்று அத்தாயி சொன்னதைக் கேட்டுச் செய்துவிட்டான். துணி அரை மணியில் மொறுமொறுவென்று காய்ந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். அந்தத் துணியில் சுற்றிப் படுக்கவைத்த கொஞ்ச நேரத்தில் குழந்தை தும்மியது. அப்புறம் இருமியது. அவ்வளவு சின்ன நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்து இழுத்து வாங்கியது.

முருகானந்தம் துணியை உருவிப் போட்டுவிட்டுத் தன் சட்டையைத் திறந்து குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் காற்றில் நின்றான். மூச்சு சீராகிறவரை அவன் கண் இமைக்கவில்லை. அப்புறம் ஒரு கையாலேயே பஞ்சாரத்தைத் தூக்கித் தெருவில் எறிந்தான். அது மழைத் தண்ணீரில் உருண்டு எங்கள் வாசலில் வந்து நின்றது.

அன்று பூராவும் அவன் நடை அறையில் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எழுந்து போய்ப் பத்தடி மூங்கில் கழி ஒன்று கொண்டுவந்தான். தொட்டில் கட்டுவதற்காகக் கூரையில் விட்டிருந்த இரண்டு இரும்பு வளையத்திலும் பழைய கிணற்றுக் கப்பியை வளையத்துக்கு ஒன்றாக மாட்டினான். ரிக்கில் கொண்டுவந்த நைலான் கயிற்றை அதில் ஓட்டிக் கழியைத் தொங்கவிட்டான். கயிற்றை இழுத்தால் கழி கூரைக்குப் போகும், விட்டால் இடுப்பு உயரத்துக்கு வரும்.

"கம்ப்ரசர் முன்னாடி தொணி காயறது சூட்டுல இல்லீங்கக்கா, காத்துல. இத்தன வருசம் அங்கயே கெடந்துட்டு எனக்கு இது மறந்து போச்சு பாருங்க" என்றான் என்னிடம்.

அவன் செய்த விதத்தை நான் தினமும் பார்த்தேன், அதனால் சொல்ல முடிகிறது. அலசின துணியைப் பிழிந்ததோடு விடமாட்டான். பாயில் காய்ந்த போர்வையை விரித்து, அதன்மேல் ஈரத் துணிகளை வரிசையாக வைத்து, பாயோடு இறுக்கிச் சுருட்டி, அதன்மேல் முழங்காலை ஊன்றி அழுத்துவான். போர்வை ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு ஒவ்வொன்றையும் படார் படார் என்று உதறி, கழியில் மடித்துப் போடாமல், ஒரே ஓரத்தைக் கிளிப்பில் பிடித்து ஒற்றை மடிப்பாகத் தொங்கவிடுவான். துணிக்கும் துணிக்கும் ரெண்டு விரல் இடைவெளி. கழியை மேலே ஏற்றி, சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு சாண் திறந்து, டேபிள் ஃபேனைக் கீழேயிருந்து அந்த ஜன்னலைப் பார்த்து வைப்பான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறக்கி, நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் ஓரத்தில் இருந்ததை நடுவுக்கும் மாற்றுவான். மழை என்றால் எங்கள் ஊரில் கரண்ட் போகும். போனால் வாசற்படியில் கரிப் பெட்டியைப் பற்றவைத்து, புகையெல்லாம் அடங்கின பிறகு உள்ளே கொண்டுவந்து இஸ்திரி போடுவான்.

காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்க்க மாட்டான். கன்னத்தில் வைப்பான். "தண்ணியில கெடந்த கை பொய் சொல்லுங்கக்கா. கன்னம் சொல்லாது" என்பான். கன்னத்தில் ஒரு துளி குளுமை தட்டினாலும் அந்தத் துணி திரும்பக் கழிக்குப் போய்விடும். குழந்தையிடம் போகாது.

வாரா வாரம் நர்சம்மா தராசோடு வருவார். இரண்டு கிலோ. அடுத்த வாரம் இரண்டு கிலோ நூற்றைம்பது. அன்று சாயங்காலம் ரிக் முதலாளி போன் செய்தார். பத்தாம் தேதி வண்டி சத்தீஸ்கர் கிளம்புகிறதாம். இவன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி உதறிக்கொண்டிருந்தான்.

"ரெண்டரக் கிலோ ஆவாம நான் வாரதில்லீங்க" என்றான்.

"ஏன்டா, கோழியா வளக்கற, கெலோக் கணக்குச் சொல்ற?" என்று சிரித்தார் அவர். "டிரில்லருக்கு வேற ஆளப் போட்டுருவேன் பாத்துக்க."

"போட்டுக்குங்க. நான் பின்னால வந்து கேக்கறேன், இருந்தாக் குடுங்க."

பத்தாம் தேதி வண்டி அவனில்லாமல் போனது. அதற்கு இரண்டு நாள் கழித்துத் தனப்பிரியாவுக்குக் குளிர் ஜுரம் வந்தது. பல் கிட்டிக்கொண்டு ஆடினாள். எழுந்து நிற்க முடியவில்லை. ஆட்டோவில் குழந்தையை நான் மடியில் வைத்துக்கொள்ள, அவளை அவன் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா திரையை இழுத்துவிட்டுச் சோதித்தார். தொடை இடுக்கெல்லாம் புண்ணாகிச் சீழ் பிடித்திருந்தது.

"எத்தனை நாளா இருக்கு? ஈரத் துணியா வெச்சுக்கிட்டே?" என்று கேட்டார். தனப்பிரியா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று நாள் ஊசி போட வேண்டும், படுக்கச் சொல்லிவிட்டார்.

பின்னாலேயே வந்து சேர்ந்த அத்தாயியைத் துணைக்கு வைத்துவிட்டு, மாற்றுத் துணியும் பிளாஸ்கும் எடுக்க நானும் அவனும் வீட்டுக்கு வந்தோம். நான் சமையல்கட்டில் இருந்தேன். அவன் குளியலறைக்குப் போனவன் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு பெரிய துண்டு இருந்தது. கதவுக்குப் பின்னால் இருட்டு மூலையில் ஆணியில் தொங்கினது. துண்டைப் பிரித்துக் காட்டினான். அதற்கடியில் மறைத்துக் காயப்போட்டிருந்த அவளுடைய உள்துணிகள், தீட்டுத் துணிகள். தொட்டால் சொதசொதவென்று இருந்தன. கரும்புள்ளி விழுந்து பூஞ்சை வாடை அடித்தது.

"ஏனுங்கக்கா இது? எதுக்கு இங்க போட்டிருக்குது?" என்று கேட்டான். நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? என் வீட்டிலும் இதே ஆணி, இதே கதவு, இதே துண்டு. அம்மா இல்லாத பெண்ணுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் கூட வேண்டியிருக்கவில்லை. ஆம்பளை கண்ணில் படக்கூடாது என்று சொன்னேன். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"முப்பது தொணிய ஒவ்வொண்ணாக் கன்னத்துல வெச்சு வெச்சுப் பாத்தனேங்கக்கா. இவளுது எங்க காயுதுன்னு ஒரு நாள் கேக்கலியே நான்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்று நாள் ஜுரத்தில் அவளுக்குப் பால் குறைந்துவிட்டது. குழந்தையின் எடை ஐம்பது கிராம் இறங்கியது. ஐம்பது கிராம் என்றால் ஒரு தக்காளி கூட இல்லை. ஆனால் அந்த உடம்பில் அது இறங்கினது கண்ணுக்குத் தெரிந்தது, கன்னம் ஒட்டிவிட்டது. அவன் நர்சம்மாவின் தராசையே வெறித்துக்கொண்டு நின்றான்.

வீடு திரும்பின அன்று அவன் செய்த முதல் வேலை, தனப்பிரியாவின் துணிகளை வெந்நீரில் அலசி, பாயில் சுருட்டி அழுத்தி, குழந்தையின் துணிகளுக்குப் பக்கத்திலேயே கழியில் கிளிப் போட்டது. மறைப்பில்லாமல், ரெண்டு விரல் இடைவெளி விட்டு. நடை அறைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். நான் ஓரம் தைத்த துணிகளைக் கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

உள் அறைக் கட்டிலில் இருந்து தனப்பிரியா பார்த்துவிட்டாள். "ஏனுங்க, அத எறக்கீருங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். ஆராச்சும் வந்து பாத்தா நான் எப்படித் தல நிமுந்து நடக்கறது?" என்று விம்மினாள்.

"இதே புண்ணு எனக்கு வந்தப்ப எட்டுப் பேரு முன்னால ஜட்டியக் கம்ப்ரசர்ல கட்டித் தொங்கவுட்டேன். ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. உனக்கு மட்டும் எதுக்கு அம்மிணி இருட்டு?" என்றான். சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்துக் கழியை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, அடுத்த வாளிக்குத் தண்ணீர் பிடிக்க வெளியே போனான்.

அவன் போன நேரம் அத்தாயி சமையல்கட்டில் இருந்து வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். "அடக் கருமமே! நாலு பேரு வந்து போற எடத்துல பொம்பளத் தொணியா? சாமி படம் மாட்டியிருக்கற ஊட்டுல இதையெல்லாம் எங்கண்ணால பாக்கோணுமா?" என்று கத்திக்கொண்டே கயிற்று முடிச்சை அவிழ்த்துவிட்டாள். கழி சரசரவென்று இறங்கி அவள் இடுப்புக்கு நேரே வந்து நின்றது. கிளிப்புகளைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

நான் அங்கேதான் நின்றேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். கையில் இருந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

கட்டில் கிறீச்சிட்டது. தனப்பிரியா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள், ஒரு கையில் குழந்தை. முகம் வெளுத்திருந்தது, அழுத கண்ணீர் காயவில்லை. நேரே வந்து, நீட்டியிருந்த அத்தாயியின் கைகளில் குழந்தையை வைத்துவிட்டாள்.

"செத்தப் புடிங்க பெரியம்மா" என்றாள்.

அவ்வளவு சின்னக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு யாரால் வேறெதையும் தொட முடியும்? அத்தாயி அசையாமல் நின்றாள். தனப்பிரியா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஆபரேஷன் வயிறு வலித்திருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டாள். கழி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. குழந்தையின் துணியும் அவள் துணியும் சேர்ந்து கூரைக்குப் போய் நின்றன. கயிற்றை ஜன்னல் கம்பியில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"அங்கயே காயட்டுங்க பெரியம்மா. எனக்கு மறுக்காக் காச்ச வந்தா இவளுக்குப் பாலு இல்ல" என்றாள். அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. அத்தாயி மேலே ஒரு தரம் பார்த்தாள், கையில் இருந்ததை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குழந்தையின் ஒட்டின கன்னத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அந்தக் கழியை இறக்கச் சொல்லி யாரும் பேசவில்லை. பேசினவர்களும் தெருவோடு நிறுத்திக்கொண்டார்கள். தனப்பிரியாவின் புண் பத்து நாளில் ஆறியது. பால் திரும்பியது. கார்த்திகை தீபத்துக்கு மறுவாரம் நர்சம்மா தராசைத் தொங்கவிட்டபோது நாங்கள் நாலு பேரும் சுற்றி நின்றோம். இரண்டு கிலோ ஐந்நூற்று இருபது. முருகானந்தம் குழந்தையைத் துணியோடு எடுத்து, அந்தத் துணி ஓரத்தைப் பழக்கம் போலக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டான்.

முதலாளியிடம் டிரில்லர் இடம் போய்விட்டது, ஹெல்பர் இடம்தான் இருந்தது. "வாரனுங்க" என்றுவிட்டான். மறுநாள் காலை தோளில் பையோடு என் வாசலில் வந்து நின்று சொல்லிக்கொண்டான். நான் மனசு கேட்காமல் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை விரலால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"நான் வர்ற வரைக்கும் மிசினு ரிப்பேராவாமப் பாத்துக்குங்கக்கா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அது சுத்தற சத்தம் எங்க நடைக்கு நல்லாக் கேக்கும்" என்றான். கோபமே இல்லாமல், சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

பஸ் போகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். அப்புறம் பக்கத்து வீட்டுக்குள் போய், தனப்பிரியா அலசி வைத்திருந்த வாளியை அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தூக்கிக்கொண்டு வந்து, குழந்தை துணி, அவள் துணி, எல்லாவற்றையும் என் மிஷினில் போட்டேன்.